படத்துக்குள் இருந்த முகவரி

அனுப்புநர்
மருத்துவமனைச் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்.
(என் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை "ஆணையர் பார்வைக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிய தனி உறையில் உள்ளன. காரணம் மனுவைப் படித்தால் விளங்கும்.)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெண்கள் பாதுகாப்பு மற்றும் மறுவாழ்வுத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: துறையின் இணையதளத்தில் வெளியான புகைப்படத்தின் வழியே என் தங்கையின் மறைவிட முகவரி வெளியானது – தங்கை தாக்கப்பட்டது – பழியை என்மீது போட்டு விசாரணையை முடித்தது – அதே ஆபத்தில் இன்றும் ஒன்பது பெண்கள் இருப்பது – உடனடி நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: கிளை அலுவலக விசாரணை அறிக்கை, மார்ச் 24, என் புகார், ஏப்ரல் 16, கிளை அலுவலகத்தின் பதில், மே 2, என் நினைவூட்டல்கள், மே 5, மே 19, ஜூன் 2 (மூன்றுக்கும் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனு நீளமானது. முழுவதையும் படிக்க இப்போது நேரமில்லை என்றால், 12ஆம் பத்தியை மட்டும் படித்து, அதற்கு வேண்டிய உத்தரவைப் போட்டுவிட்டு, பிறகு இங்கே திரும்பி வாருங்கள். எனக்கு நடந்த அநியாயம் ஒரு வாரம் காத்திருக்கும். அந்தப் பத்தியில் உள்ளவர்கள் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

2. நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடைசி ஆறு ஆண்டுகளாக மேற்பார்வையாளர். நாளொன்றுக்கு அறுநூறு படுக்கை விரிப்புகளும் முந்நூறு அங்கிகளும் எங்கள் கை வழியாகப் போகின்றன. பையைத் தடவிப் பார்க்காமல் எந்த அங்கியையும் இயந்திரத்தில் போடக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. பையில் ஊசி இருக்கும், உடைந்த கண்ணாடிக் குப்பி இருக்கும். மறந்துவிட்டுப் போனவருக்கு ஒன்றும் ஆகாது. துணியை மடிப்பவரின் கைதான் கிழியும். நான் மேற்பார்வைக்கு வந்த நாளிலிருந்து என் பிரிவில் ஒருவர் கையிலும் ஊசி குத்தியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. "கவனக்குறைவு" என்ற சொல்லை உங்கள் அறிக்கை என் பெயரோடு சேர்த்து எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. என் தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். பெற்றோர் இல்லை, அவளுக்கு நான், எனக்கு அவள். அவளுடைய கணவரை இந்த மனுவில் "கணவர்" என்றே குறிப்பிடுகிறேன். எனக்கு வேறு சொற்களும் தெரியும். அரசாங்கத் தாளில் எழுத முடியாதவை. ஐந்து ஆண்டுகள் அவரிடம் அடி வாங்கிய பிறகு, தன் மகளின் கன்னத்திலும் அதே விரல் தடத்தைப் பார்த்த அன்று, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்தாள். அன்று உங்கள் துறை அவளைக் காப்பாற்றியது. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அந்த நன்றி இருப்பதால்தான் இந்தக் கோபமும் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. அந்தக் கணவர் லாரிகள் எந்தச் சாலையில், எந்த முனையில் நிற்கின்றன என்று திரையில் பார்த்துச் சொல்லும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்பதை அவள் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தாள். அது உங்கள் கோப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து திறந்து பாருங்கள்.

4. நான்கு மாதம் விடுதியில் இருந்தபின் அவளுக்கு ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அறை ஒன்றை உங்கள் துறையே பார்த்துக் கொடுத்தது. இரும்புப் படிக்கட்டு, ஒரே ஜன்னல், ஒரு தையல் இயந்திரம், மடக்குக் கட்டில். உறவினரில் ஒருவருக்கு மட்டும் முகவரி சொல்லலாம் என்றார்கள். அவள் என்னைச் சொன்னாள். யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். முகவரியை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. மாதம் இரண்டு முறை அவளைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் என் கைப்பேசியைச் சலவைப் பிரிவின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். இரண்டு பேருந்து மாறி, ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, காய்கறிச் சந்தைக்குள் புகுந்து நடப்பேன். இவ்வளவையும் பார்த்து என் தங்கை சிரிப்பாள். "என்னக்கா, நீதான் திருடி மாதிரி வர்ற" என்பாள். படிக்கட்டில் கேட்கும் சத்தத்தை வைத்தே வருவது நான்தான் என்று தெரிந்துகொள்வாள். நான் கதவைத் தட்டியதே இல்லை.

5. பிப்ரவரி 6ஆம் நாள் கிளை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவு அலுவலர் அந்த அறைக்கு வந்தார். துறையின் இணையதளத்தில் "மீண்டெழுந்தவர்கள்" என்ற பக்கத்துக்குப் படம் வேண்டும் என்றார். தங்கை தயங்கினாள், வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். "முகம் தெரியாதும்மா. முதுகுப் பக்கமா எடுக்கறேன். மெஷினும் உன் கையும் மட்டும்தான் வரும். எங்க மேலயே நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அறையில் இன்னும் ஓராண்டு தங்குவதற்கான அனுமதித் தாள் அந்த அலுவலரின் பையில் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் "இல்லை" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும் ஐயா? அவர் தம் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்தார். நான் எந்தக் கைப்பேசியை அலமாரியில் பூட்டிவிட்டு வந்தேனோ, அதே மாதிரி ஒன்றோடு ஓர் அரசு அலுவலர் அந்த அறைக்குள் நின்றார். படம் பிப்ரவரி 20 அன்று வெளியானது. பெயர் இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை. எனக்கும் ஒரு பிரதியைச் செய்தியாக அனுப்பினார். "உங்க தங்கச்சி எவ்வளவு அழகா தைக்கிறாங்க பாருங்க" என்று ஒரு வரியும் அதோடு வந்தது. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

6. மார்ச் 3, காலை பதினொரு மணி. குழந்தை பள்ளியில் இருந்தாள். படிக்கட்டில் வந்த காலடிச் சத்தம் என்னுடையது இல்லை என்று தெரிந்ததும் தங்கை தாழ்ப்பாள் போட ஓடியிருக்கிறாள். போடுவதற்குள் கதவு உள்பக்கமாகத் திறந்துவிட்டது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தையல் இயந்திரம் படிக்கட்டில் உருண்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சைக்கிள் கடைக்காரர் மேலே ஓடினார். கையில் இருந்த காற்றடிக்கும் பம்பையும் கீழே வைக்கவில்லை. அவரும் கடைக்கு வந்திருந்த இருவரும் சேர்ந்து, காவலர்கள் வரும் வரை அந்த ஆளைப் பிடித்து வைத்தார்கள். அந்த மூவரும் இல்லையென்றால் நான் உங்களுக்கு வேறு மாதிரி மனு எழுதியிருப்பேன். தங்கையைக் கொண்டுவந்தது நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே. அவள் படுத்திருந்த விரிப்பு அன்று காலையில் என் பிரிவிலிருந்து மேலே போனது. அந்த வார்டின் எழுத்தர் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டபோது நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் போனேன். தங்கை வலது கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவ ஸ்கூல்ல இருந்து யாரு கூட்டிட்டு வருவா?" என்றாள். அதுதான் முதல் கேள்வி.

7. கணவர் ஒன்பதாம் நாள் ஜாமீனில் வெளியே வந்தார். தங்கையையும் குழந்தையையும் உங்கள் துறை வேறு ஊருக்கு மாற்றியது. விசாரணை முடியும் வரை உறவினர் உட்பட யாருக்கும் இடம் சொல்ல முடியாது என்றார்கள், சரி என்றேன். மார்ச் 17 அன்று விசாரணை அலுவலர் என்னைக் கூப்பிட்டார். இருபது நிமிடம் பேசினார். அதில் ஏழெட்டு நிமிடம் தொலைபேசியில். "யார்கிட்டயாவது வாய் தவறிச் சொல்லியிருப்பீங்க. வேலை பார்க்கற இடத்துல, பஸ்ல... நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசிக்க எதுவும் இல்லை, சொல்லவில்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார். முகவரி தெரிந்தவர்களில் துறை ஊழியர்கள் ஆறு பேர். வெளியாள் நான் ஒருத்தி. கணக்கு அவருக்கு எளிதாக இருந்தது. அறிக்கையின் நான்காம் பக்கத்தில், "உறவினரின் கவனக்குறைவால் முகவரி வெளியாகியிருக்கலாம் என்று கருத இடமுண்டு" என்று எழுதினார். அதே அறிக்கையின் முதல் பக்கச் சுருக்கத்தில், "உறவினரின் கவனக்குறைவால் முகவரி வெளியானது" என்று இருக்கிறது. நான்காம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வரும் வழியில் "இருக்கலாம்" எங்கே விழுந்தது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். சுருக்கத்தை மட்டும்தான் என் தங்கைக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

8. மார்ச் 25 அன்று அலுவலகத் தொலைபேசியிலிருந்து அவள் பேசினாள். வேலைக்கு நடுவில், துணி உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "ஏன்க்கா? ஒரே ஒரு ஆளத்தானே நம்பினேன்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு இன்றுவரை அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவள் கை சேர்ந்ததா, குழந்தை புதுப் பள்ளிக்குப் போகிறாளா, எதுவும் தெரியாது. இரண்டு வாரம் நான் என்னையே சந்தேகப்பட்டேன் ஐயா. பேருந்தில் தூக்கத்தில் உளறியிருப்பேனா, சந்தைக்குள் என் பின்னால் யாராவது வந்தார்களா என்று. குற்றமே செய்யாத ஒருத்தியைத் தன் குற்றத்தைத் தேடி அலைய வைத்தது உங்கள் அறிக்கை.

9. ஏப்ரல் 10 அன்று, அந்த அறிக்கைக்கு மறுப்பு எழுதத் தொடங்கினேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லாததால் கைப்பேசியில் உள்ள ஏ.ஐ. உதவியாளரின் உதவியைக் கேட்டேன். மதிய உணவு இடைவேளையில், துணிக் கிடங்கில் கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் பெயர் சொல்லாமல் எழுதினேன். மறுப்பை எழுதித் தருவதற்கு முன் அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: அந்த அறை தொடர்பாக அந்த மாதங்களில் ஏதேனும் படம், படிவம், பார்சல், பள்ளிப் பதிவு பொதுவெளிக்குப் போனதா? உங்கள் விசாரணை அலுவலர் இருபது நிமிடத்தில் கேட்காத கேள்வி அது. எனக்குப் படம் நினைவுக்கு வந்தது. அலுவலர் செய்தியாக அனுப்பியிருந்த பிரதியைக் காட்டினேன். படத்தில் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றது. பிறகு, கைப்பேசியில் எடுக்கும் படக்கோப்புக்குள் எடுத்த நேரம், கருவி, சில சமயம் எடுத்த இடம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும் என்றும், இந்தப் பிரதியில் அப்படி எதுவும் இல்லை என்றும் சொன்னது. நான் "சரி, அப்ப படத்தால இல்ல" என்று எழுதிவிட்டேன். அதற்கு அது எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "அப்படி முடிவு செய்ய வேண்டாம். செய்திச் செயலிகள் பெரும்பாலும் அந்தத் தகவல்களை நீக்கிவிட்டுத்தான் படத்தை அனுப்பும். இணையதளத்தில் இருக்கும் கோப்பை நேரடியாக இறக்கி, படமாக அல்லாமல் கோப்பாக இணையுங்கள். அதில் இருந்தால் படித்துச் சொல்கிறேன்." அப்படியே செய்தேன். படம் எடுத்த நாள் பிப்ரவரி 6, நேரம் காலை 11.42, கைப்பேசியின் வகை, அதற்குக் கீழே இரண்டு எண்கள். அந்த எண்கள் என்ன என்று கேட்டேன். படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் என்றது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். புள்ளி சைக்கிள் கடையின் தகரக் கூரைமேல் விழுந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. துணிக்குக் கஞ்சி போடும் அம்மா வந்து தோளைத் தொட்டு, "என்னாச்சு, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்ட பிறகுதான் என் முகம் நனைந்திருப்பது எனக்கே தெரிந்தது. அழுதது துக்கத்தில் இல்லை. நான் சொல்லவில்லை என்பது எனக்கே உறுதியானதில்.

10. இயந்திரம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நான் ஓடி வரவில்லை. அந்த உதவியாளரே என்னைத் தடுத்து இரண்டு விஷயம் சொன்னது: தான் தவறாகப் படித்திருக்கலாம், இத்தகைய தகவல்களை மாற்றவும் முடியும், ஆகவே வேறொருவரிடமும் சரிபார்க்க வேண்டும்; இரண்டாவது, முகவரி படத்தில் இருந்தது என்பதுதான் இதில் தெரிகிறதே தவிர, அந்த ஆள் அதை அங்கிருந்துதான் எடுத்தார் என்பது இதனால் மட்டும் உறுதியாகாது.

முதலாவதற்காகப் புகைப்பட ஸ்டூடியோ ஒன்றுக்குப் போனேன். அதன் உரிமையாளர் உங்கள் இணையதளத்திலிருந்து தாமே கோப்பை இறக்கித் தம் கணினியில் திறந்தார். அதே நேரம், அதே எண்கள். "இதுக்கு ஒண்ணும் பெரிய படிப்பு வேண்டாம்க்கா. ரெண்டு தடவ அழுத்தினா வந்துடும்" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இரண்டாவதற்காகச் சைக்கிள் கடைக்குப் போனேன். இனி அங்கே மறைக்க எதுவும் இல்லையே. கடைக்காரர் சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டே கேட்டார். படம் என்ற சொல் வந்ததும் கை நின்றது. "அன்னிக்கே கத்தினான்மா. 'அவங்க ஆபீஸே வெலாசத்தப் போட்டு வெச்சிருக்கு, நான் என்ன தேடவா செஞ்சேன்'னு. ஏதோ வெறியில உளர்றான்னு நெனச்சோம். நாங்க மூணு பேரும்தான் கேட்டோம்" என்றார். விசாரணை அலுவலரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "யாரு வந்தாங்க? ஒருத்தரும் வரலியே" என்றார். தாக்கியவனைத் தம் கையால் பிடித்து வைத்த சாட்சி ஐயா அவர். விசாரணை அறிக்கை எட்டுப் பக்கம். அதில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

11. ஏப்ரல் 16 அன்று புகாரோடு கிளை அலுவலகம் போனேன். மூன்று மேசை மாறினேன். மூன்றாம் மேசையில் இருந்தவர் படத்தை அச்செடுத்து என் முன் வைத்து, "இதுல எங்கம்மா இருக்கு வீட்டு நம்பர்? காட்டுங்க பார்ப்போம்" என்றார். தாளில் இருக்காது, கோப்பில் இருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "ஏ.ஐ. சொல்லுச்சாம்" என்று சொல்லிச் சிரித்தார். ஸ்டூடியோக்காரரின் தாளை நீட்டினேன், படிக்கவில்லை. இரண்டு முறை அழுத்திப் பாருங்கள், உங்கள் மேசைமேல் இருக்கும் இதே கணினியில் வரும் என்று கெஞ்சினேன். "எங்க வேலைய எங்களுக்குச் சொல்லித் தராதீங்கம்மா" என்றார். மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை என் தங்கையின் படம் மட்டும் இணையதளத்திலிருந்து காணாமல் போயிருந்தது. மே 2 அன்று எனக்கு வந்த பதிலில், "தாங்கள் குறிப்பிடும் புகைப்படம் எதுவும் இத்துறையால் வெளியிடப்படவில்லை" என்று இருக்கிறது. ஆபத்து இல்லாத படம் என்றால் ஏன் நீக்கினார்கள்? வெளியிடாத படம் என்றால் எதை நீக்கினார்கள்? படம் இருந்ததற்கான பக்கப் பிரதி, நாள் நேரத்தோடு, என்னிடமும் ஸ்டூடியோக்காரரிடமும் இருக்கிறது. இந்த இரண்டு வரி பொய்யை எழுதியவரும் சரிபார்த்தவரும் கையெழுத்திட்டவரும் தனித்தனி ஆட்கள் என்பது தாளின் அடியில் உள்ள சுருக்கொப்பங்களில் தெரிகிறது. மூன்று பேரில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை.

12. மிக அவசரம். "மீண்டெழுந்தவர்கள்" பக்கத்தில் என் தங்கையின் படத்தோடு வேறு பதின்மூன்று பெண்களின் படங்களும் இருந்தன. அவை இன்னும் இருக்கின்றன. அவற்றையும் நான் சோதித்தேன்; ஆனால் எப்படிச் சோதித்தேன் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அறிய எனக்கு உரிமை இல்லை. ஆகவே ஏ.ஐ. உதவியாளரிடம், எண்களைக் காட்டாமல், இடக் குறிப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லக் கேட்டேன், அப்படியே சொன்னது. பிறகு கோப்புகளை அழித்துவிட்டேன். நான்கில் இல்லை. ஒன்பதில் இருக்கிறது. அந்த ஒன்பது பெண்களும் என் தங்கையைப் போல ஓடி வந்தவர்கள்; ஒவ்வொருவரையும் யாரோ ஒருவன் தேடிக்கொண்டிருக்கிறான். ஒரு படத்தில் ஜன்னல் கம்பியில் ஒரு சிறு பள்ளிச் சீருடை காய்கிறது. மே 5, மே 19, ஜூன் 2 ஆகிய நாட்களில் இதை மட்டுமே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் பிரச்சினையைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் இல்லை. இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் பார்த்தேன். ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. தங்கள் பார்வைக்கு வந்த இந்த நிமிடம் முதல், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பு துறைக்கு இல்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

13. எனக்கு வரக்கூடிய இரண்டு கேள்விகளுக்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன். தங்கையின் படத்தை நானே ஓர் ஏ.ஐ. நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டேன் என்று மேசைக்கு மேசை என்னைக் குற்றம் சொன்னார்கள். நான் கொடுத்தபோது அந்த அறை காலியாக இருந்தது. அந்தப் படமோ ஐம்பது நாளாக உலகம் முழுவதும் பார்க்கும்படி நீங்கள் தொங்கவிட்டது. மற்ற பதின்மூன்று படங்களைக் கொடுக்கும் முன் நான் தயங்கினேன். யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும் என்பதால் செய்தேன். அது தவறு என்று தாங்கள் கருதினால் அதற்கு உரியதை ஏற்கிறேன். அடுத்தது, இவ்வளவு உறுதியாக இருப்பவள் ஏன் செய்தித்தாளுக்குப் போகவில்லை என்பது. ஒரு நிருபரின் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்தேன். செய்தி வந்த அன்றே ஊரில் உள்ள அத்தனை பேரும் அந்த ஒன்பது படங்களைத் தேடிப் பிடித்து இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என் மௌனத்தை யாரும் பயம் என்று எண்ணி, அதன்மேல் சாய்ந்து உட்கார வேண்டாம்.

14. ஆகவே தாங்கள் செய்ய வேண்டும் என்று நான் கேட்பவை:

அ) ஒன்பது படங்களையும் இன்றே நீக்க வேண்டும். நீக்கினால் மட்டும் போதாது. அந்த ஒன்பது பேரிடமும் நேரில் ஆள் அனுப்பி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, இடம் மாற விரும்புகிறவர்களை உடனே மாற்ற வேண்டும். அனுப்பும் ஆள் கைப்பேசியில் படம் எடுக்காதவராக இருக்கட்டும்.

ஆ) சைக்கிள் கடைக்காரரையும் உடன் இருந்த இருவரையும் விசாரித்து, அவர்கள் கேட்டதைப் பதிவு செய்து, தாக்குதல் வழக்கை நடத்தும் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

இ) மார்ச் 24 அறிக்கையில் என்னைப் பற்றிய வரியை, முதல் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும், அடித்துத் திருத்த வேண்டும். மே 2 பதிலில் பொய் எழுதியவர்கள் மீது விசாரணை வேண்டும். படம் எடுத்த அலுவலர் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. அவருக்கு இது தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன். தெரிந்த பிறகு மறைத்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஈ) கடைசியாக ஒன்று. என் தங்கை எங்கே இருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதை நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னாலும் இப்போது கேட்டுக்கொள்ள மாட்டேன், அந்தக் கணவர் ஜாமீனில் வெளியே இருக்கிறார். ஆனால் திருத்திய அறிக்கையை அவளிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாமல் எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். முகவரி வெளியானது எங்கள் துறையால், உன் அக்காவால் அல்ல என்ற வரியை, துறையின் பெயர் அச்சிட்ட தாளில், முத்திரையோடு அவள் கண்ணால் பார்க்க வேண்டும். நானே ஆயிரம் கடிதம் எழுதினாலும் அவள் நம்ப மாட்டாள். உங்கள் தாளில் இருந்ததால்தான் அந்தப் பொய்யை நம்பினாள். அதே தாளில் உண்மை போய்ச் சேரட்டும். படித்த பிறகு அவள் என்னைக் கூப்பிடுவாளா என்பது அவளுடைய விருப்பம். சலவைப் பிரிவின் எண் அவளுக்கு மனப்பாடம். காலை ஏழு முதல் மாலை நான்கு வரை நான் அங்கேதான் இருப்பேன்.

மேலே எழுதியவை அனைத்தும் எனக்குத் தெரிந்த வரையில் உண்மை. எதையும் கூட்டவில்லை, தங்கள் அலுவலகத்தின் மரியாதை கருதிச் சிலவற்றைக் குறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெளியிடாதவள்,
(கையொப்பம் தனி உறையில் உள்ள பிரதியில் இடப்பட்டுள்ளது)

நாள்: ஜூன் 19
இடம்: குறிப்பிடவில்லை, இன்னொரு தாளிலும் முகவரி வேண்டாம்.

இணைப்பு: ஸ்டூடியோ உரிமையாளரின் சான்று, இணையப் பக்கத்தின் நாளிட்ட பிரதி (படங்களும் எண்களும் மறைக்கப்பட்டவை), சைக்கிள் கடைக்காரர் கையெழுத்திட்ட வாக்குமூலம், மூன்று பதிவுத் தபால் ரசீதுகள். புகைப்படம் எதுவும் இணைக்கப்படவில்லை.